நான்காம் கட்டம்

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை விடுவதில்லை.
சுகாதார நிலையத்தின் பின்னறையில்
எண்ணெய் அடுப்பின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஊரார் தின்றதைத் தட்டச்சு செய்கிறேன்.

ஆளுக்கொரு நோட்டு. பக்கத்துக்கு நான்கு கட்டம்.
மணி.
தின்றது.
பசி, பூஜ்யம் முதல் பத்துக்குள்.
காரணம்.

முதல் மூன்றும் சுலபம்.
இரவு பதினொன்று நாற்பது,
மர்ராகேத்தா ரொட்டி ஒன்றரை, வெண்ணெய் கொஞ்சம்
('கொஞ்சம்' இரண்டு முறை அடிக்கோடிட்டது),
பசி பூஜ்யம்.
நான்காவதில் பாதிப் பேர் எழுதுவது ஒரே சொல்:
சும்மா.

கணினியில் காரணங்களுக்கு ஆறு எண்கள்.
கவலை ஒன்று, சலிப்பு இரண்டு,
ஆறு விருந்து.
சும்மாவுக்கு எண் இல்லை.
இரண்டில் போடு என்கிறார் மருத்துவர்.
போடுகிறேன். மாதச் சம்பளக்காரி.

ஆனால் ரோசமேல் ஒயார்சுன்,
ஐந்தாம் நம்பர் பேருந்து ஓட்டுகிறவர்,
பதினெட்டு நாள் சும்மா சும்மா என்று எழுதிவிட்டு
பத்தொன்பதாம் நாள் கட்டத்தைத் தாண்டி எழுதியிருந்தார்:
'கடைசி நடை முடிந்து எஞ்சினை அணைத்தேன்.
திடீரென்று காது ரொம்பப் பெரிதாகிவிட்டது.
மொறுமொறுவென்று ஏதாவது வேண்டியிருந்தது.'

இதற்கு என்ன எண்?

இன்னொருத்தி: 'பையன் மீதி வைத்தது.
குப்பைத் தொட்டி தூரம், வாய் பக்கம்.'
இன்னொருவர்: 'நாளையிலிருந்து தின்னக் கூடாது என்பதால்.'
ஒரு நோட்டில் எழுதி, அடித்து,
அடித்ததன் மேல் மறுபடி அடித்து
தாளே கிழிந்திருந்தது. ஓட்டை வழியே
மறுநாள் காலை உணவு தெரிந்தது.

நொல்ஃபா கார்கமோ மூன்று வாரமாக வரவில்லை.
மதிய இடைவேளையில் நானே நோட்டை வாங்கப் புறப்பட்டேன்.
பயறு சூப் குடித்து வயிறு திம்மென்றிருந்தது.

ஆற்றோர மீன் சந்தையில் கொஞ்சம் நின்றேன்.
வெட்டுகிறவன் பார்க்காமலே பின்னால் எறிகிற தலையைக்
கடற்சிங்கம் பார்க்காமலே பிடித்தது.
"அதற்கு அவ்வளவு பசியா?"
"காலையிலிருந்து நாற்பது தலை ஆச்சு. பசியாவது!"
"பின்னே ஏன் தின்கிறது?"
கத்தியைத் துடைத்தபடி
என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.
"நான் எறிகிறேனே."

நொல்ஃபா கதவைத் திறந்ததும் நோட்டை நீட்டினாள்.
வெள்ளையாய் இருந்தது.
"காரணம் எழுதச் சொன்னீர்கள் இல்லையா,
ஐந்து மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன்,
ஏன் என்று கேட்டுக்கொள்வேன், மூடிவிடுவேன்.
மூன்று கிலோ குறைந்திருக்கிறேன்."
"நல்லதுதானே?"
"நல்லதுதான்.
சாயங்காலம்தான் நீளமாகிவிட்டது."

வெளியே மரம் ஏற்றிய லாரி ஒன்று போனது.
அலமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கும் வரை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிறகு அவள், வேண்டுமா என்று கேட்காமல்,
முர்த்தாப் பழம் பதித்த கேக்கை வெட்டினாள்.
எனக்கொன்று. தனக்கொன்று.
அவள் பேசிக்கொண்டே தின்றாள்,
பேருந்தைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றி,
ஓட்டுப் பலகையின் விலை பற்றி.
டப்பாவையும் திறந்தாள்.
என் தட்டில் இரண்டாம் துண்டு எப்போது வந்தது,
தெரியாது.

திரும்பி வந்து, ஈரக் கோட்டை அடுப்பில் காயப் போட்டு,
ஒரு புது நோட்டில் என் பெயரை எழுதினேன்.
மூன்று பத்து. கேக், இரண்டு துண்டு. பூஜ்யம்.
நான்காம் கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது.

மூடி வைத்துவிட்டுக் கணினியைத் திறந்து
ஆறுக்குக் கீழே ஏழு என்று அடித்தேன்.
பெயர் எதுவும் வைக்கவில்லை.
ரோசமேலை அதில் போட்டேன். குப்பைத் தொட்டிக்காரியை.
கிழிந்த தாளை. நொல்ஃபாவை.
கடைசியில் என்னை.

மாத முடிவில் மருத்துவர் பட்டியலைப் பார்ப்பார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
ஏழு என்றால் என்ன என்பார்.

சும்மா என்று சொல்லிக்கொள்ளலாம்.